கழிவுத் தொட்டியின் சாட்சி

அத்தியாயம் 4

“ஒரே டேங்க், ரெண்டு கட்சிக்காரங்க. புருஷன் கூப்பிட்டது டாய்லெட்டைச் சரி பண்ண. பொண்டாட்டி கூப்பிட்டது புருஷனைச் சரி பண்ண. எதை அக்கா முதல்ல கழட்டப் போறோம்?”

ரப்பர் படகின் மோட்டாரைப் பிடித்தபடி கேட்டான் உதவியாளன் கஸ்பர்ட். ஒல்லியான உடம்பு, வாய் மட்டும் ரெண்டு ஆளுக்கு.

வெரோனா பத்ரீஸ் பின்னால் திரும்பி ஹில்ஸ்பரோ படகுத்துறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துறையின் முனையில் அந்த மனைவி, ஆல்தியா, நின்றிருந்தாள். காலடியில் ஒரு நீலப் பெட்டி. மத்தியானக் கப்பல் வந்ததும் ஏறி கிரெனடா போய், அங்கிருந்து டிரினிடாடில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். பெட்டியைத் தூக்கிப் பார்த்த கஸ்பர்ட், “திரும்பி வர்றவங்க கட்டுற பெட்டி இல்ல அக்கா இது” என்று காதோடு சொல்லியிருந்தான்.

அவள் போகாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. கப்பல் கிளம்புவதற்குள் வெரோனா திரும்பி வந்து, “உன் புருஷன் படகில் வேறு பெண் இல்லை” என்று சொல்ல வேண்டும்.

வெரோனா சுங்கத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது பாய்மரப் படகுகளின் குழாய்களைச் சரி செய்கிறாள். யாருக்காவது ஏதாவது காணாமல் போனால் கண்டுபிடித்தும் கொடுக்கிறாள். காரியாகூ தீவில் இந்த இரண்டு வேலைக்கும் அவளை விட்டால் ஆள் கிடையாது. மற்றவர்கள் கை வைக்கத் தயங்கும் இடத்தில் கை வைக்க வேண்டிய வேலைகள் இரண்டும்.

காலையில் ஆல்தியா வெரோனாவின் சமையலறையில் உட்கார்ந்து சொன்னது இதுதான்:

“அக்கா, இந்த விரிகுடாவுல கக்கூஸ் டேங்கைத் திறக்கக் கூடாது. தீவைத் தாண்டி ஆழத்துக்குப் போய்த்தான் காலி பண்ணணும். எங்க வீடு மலை மேல. என் புருஷன் ஆஸ்மண்ட் படகுப் பாயை விரிச்சா அங்கிருந்தே எனக்குத் தெரியும். சுற்றுலாக்காரங்களை ஏத்தாம வெறும் படகா போனா அது டேங்குக்காகத்தான். முன்ன எப்பவாவது போவாரு. திருடன் பயம், படகுலயே படுத்துக்கறேன்னு போனாரு பாருங்க, அதுலேர்ந்து ஒருநாள் விட்டு ஒருநாள் போறாரு. தனி ஆம்பளை ஒருத்தன் எவ்வளவு அக்கா போவான்?”

“அவன் என்ன சாப்பிடறாங்கறதைப் பொறுத்து…” என்று ஆரம்பித்த கஸ்பர்ட், வெரோனாவின் பார்வையைக் கண்டு கொக்கோ டீயில் வாயை வைத்துக்கொண்டான்.

ஆல்தியா அழவில்லை. அழாமல் கேட்டதுதான் வெரோனாவுக்கு உறுத்தியது.

*

‘விடிவெள்ளி’ வெள்ளை அடித்த நாற்பது அடிப் பாய்மரப் படகு. ஆஸ்மண்ட் கயிற்றை வாங்கிக் கட்டினான். பெரிய உடம்பு. கண்ணில் பல நாள் தூக்கம் பாக்கி.

“வாங்க அக்கா. பம்ப் இறுகிப் போச்சு. அமுக்கவே முடியல. நாத்தம் வேற.”

“டேங்க் ரொம்பியிருக்கும். காலி பண்ணிட்டு வர வேண்டியதுதானே?”

ஆஸ்மண்ட் தன் வீடு இருந்த மலைப்பக்கம் ஒரு முறை பார்த்தான். “காத்து இல்ல அக்கா.”

படகின் உச்சியில் இருந்த சிறு கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கஸ்பர்ட் அதை அண்ணாந்து பார்த்தான். “கொடிக்கு மட்டும் தனியா வருதோ என்னமோ” என்றான்.

“டேங்க் ஏன் இவ்வளவு சீக்கிரம் ரொம்புது?” என்றாள் வெரோனா.

“கடல் தண்ணி தானா உள்ள கசியுது போலிருக்கு அக்கா. வேற ஒண்ணும் இல்ல. நான் ஒருத்தன்தானே இருக்கேன்.”

கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் வந்தது. சுங்கத்துறையில் இருந்தபோது, “என் பையில் ஒன்றும் இல்லை” என்று தானாகச் சொன்னவர்களின் பையைத்தான் வெரோனா முதலில் திறப்பாள்.

“கஸ்பர்ட், நீ வெளியே போய் டேங்கோட காத்துக் குழாயைப் பாரு. பக்கவாட்டுல சின்ன ஓட்டை இருக்கும். கம்பி விட்டு அடைப்பு இருக்கான்னு குத்திப் பாரு. முகத்தை நேரா வெக்காதே.”

“எனக்குத் தெரியாதா அக்கா?”

வெரோனா கீழே இறங்கினாள். கழிப்பறை ஒரு அலமாரி அளவுதான். கடல் நீர் உள்ளே வரும் வால்வு திறந்தே இருந்தது. பழைய துணியால் கிண்ணத்தை ஈரம் போகத் துடைத்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து, ஆஸ்மண்ட் கொடுத்த கொக்கோ டீயை ஊதி ஊதிக் குடித்தாள். டீ தீர்ந்ததும் எழுந்து போய் ஒரு விரலால் கிண்ணத்தின் அடியைத் தொட்டாள். விரல் காய்ந்தபடியே வந்தது.

“கடல் தானா உள்ள வரல, ஆஸ்மண்ட். யாரோ கூப்பிட்டுத்தான் வருது.”

ஆஸ்மண்ட் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒரு ‘புஸ்ஸ்’ சத்தமும், தொடர்ந்து கஸ்பர்ட்டின் அலறலும், தண்ணீரில் யாரோ தொபுக்கென்று விழும் ஓசையும் வந்தன.

“அக்கா! அடைப்பு போயிடுச்சு!”

“எங்கே போச்சு?”

“என் மேலதான்!”

ஆஸ்மண்ட் தன்னை மறந்து சிரித்துவிட்டான். அதே நொடியில், படகின் முன்பக்கத்தில், பாய்களை மூட்டை கட்டி வைக்கும் அறையிலிருந்து ஒரு சின்னச் செருமல் கேட்டது. சிரிப்பு மாதிரியும் இருந்தது, இருமல் மாதிரியும் இருந்தது. ஆஸ்மண்டின் சிரிப்பு நின்றுவிட்டது. வெரோனா எதையும் கேட்காதவள் போலக் கட்டில் பலகையைத் தூக்கினாள்.

அடியில் இருந்தது கழிவுத் தொட்டி. மங்கலான வெள்ளை பிளாஸ்டிக். டார்ச்சை அதன் மேல் அழுத்திப் பிடித்தாள். விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஆனால் வெளிச்சம் அந்தப் பக்கம் வரை ஊடுருவியது.

சொட்டச் சொட்ட வந்து நின்ற கஸ்பர்ட் எட்டிப் பார்த்தான். “கீரையே போடாத கலலூ சூப் மாதிரி இருக்கே!”

“அதேதான். கழிவு கொஞ்சம், தண்ணி ஏராளம். ஒவ்வொரு அமுக்குக்கும் கடல் தண்ணி ஏறி டேங்குக்குத்தான் போகும். டேங்க் வெச்சுப் பழகின எவனும் இப்படி அடிக்க மாட்டான். நாலு அமுக்கு, அதோட நிறுத்திடுவான். இங்க யாரோ கை ஓயற வரைக்கும் அமுக்கியிருக்காங்க.”

“புரிஞ்சுபோச்சு!” கஸ்பர்ட் விரலைச் சொடுக்கினான். “படகு பழக்கமில்லாத பொண்ணு. வெட்கம். வந்த சுவடு தெரியக் கூடாதுன்னு அடி அடின்னு அடிச்சிருக்கு. அண்ணே, பேர் என்ன? எந்தத் தீவு? பெட்டிட் மார்ட்டினிக்கா? யூனியன் ஐலண்டா?”

“வாயை மூடு” என்றான் ஆஸ்மண்ட். குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம்.

“கொஞ்சம் இங்க வாடா” என்றாள் வெரோனா. “அந்தப் பம்ப் கைப்பிடியைப் பாரு.”

கைப்பிடியின் நுனியில் ஒரு முழ நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் செருகி, கயிறு சுற்றிக் கட்டியிருந்தது.

“நீளமாக்கியிருக்காங்க” என்றான் கஸ்பர்ட்.

“ஏன்?”

“நீளமா இருந்தா லேசா அமுக்கலாம்.”

“சின்ன வயசுப் பொண்ணுக்கு எதுக்கு லேசா? இப்ப மேல பாரு.”

கூரைக் கொக்கியிலிருந்து ஒரு தடித்த கயிறு தொங்கியது. இருக்கையில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில், பிடித்துக்கொள்ள வாகாக ஒரு முடிச்சு.

“பிடிச்சு எழுந்திருக்க…” கஸ்பர்ட்டின் குரல் இறங்கியது. “வயசானவங்களா?”

“வயசானவர். கையில பலமில்லாதவர். ஆனா படகு தெரிஞ்சவர். இந்த டேங்கெல்லாம் வர்றதுக்கு முன்னாடி வெள்ளைக்காரங்க படகுல வேலை பார்த்தவர். அப்ப எல்லாம் நேரா கடலுக்குத்தான் போகும். ஹோஸ்ல எதுவும் தங்கக் கூடாதுன்னு அடிச்சுத் தள்ளச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகல. ஆஸ்மண்ட், உள்ள ஒரு டீ கொண்டு போய்க் குடு. ரொம்ப நேரமா இருமலை அடக்கிட்டிருக்கார்.”

ஆஸ்மண்ட் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் எழுவதற்குள் முன்னறைக் கதவு உள்ளிருந்து திறந்தது.

பாய் மூட்டைகளுக்கு நடுவில், தலையணைகளை அண்டக் கொடுத்து, ஒரு கிழவர் சாய்ந்திருந்தார். எலும்பும் தோலும். இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. கண்ணில் மட்டும் இன்னும் கொஞ்சம் குறும்பு மிச்சமிருந்தது.

“மாப்ள சொல்லத்தான் செஞ்சாரு, நாலு அமுக்கு போதும்னு. மருமகன் வீட்ல நாத்தம் வெச்சுட்டுப் போகலாமாம்மா? அதான் சேர்த்து அடிச்சேன்.”

கஸ்பர்ட் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

“அக்கா… இவர் பிட்ஸ்ராய். ஆல்தியாவோட அப்பா. சர்ச் சுவர்ல படம் இருக்கே! இவர் செத்துட்டாரு!”

“அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க” என்றார் கிழவர்.

“இல்ல தாத்தா, நிஜமா! உங்களுக்குக் கல் நட்டாச்சு. ஊரே வந்துச்சு. பெரிய முரசு அடிச்சு ஆடினோம். உங்க விருந்துல நான் ரெண்டு தட்டு ஆட்டுக்கறி சாப்பிட்டேன்!”

“நல்லா இருந்துச்சா?”

“உப்பு கொஞ்சம் தூக்கல்.”

யாரும் சிரிக்கவில்லை.

காரியாகூவில் ஒருவர் இறந்தால் உடனே கல் நடுவதில்லை. சில வருஷம் கழித்து, குடும்பம் கை நிமிர்ந்ததும், கல் செதுக்கி, ஊரைக் கூட்டி, விருந்து வைத்து நடுவார்கள். அதோடு அந்த மனிதரின் கணக்கு இந்தப் பக்கத்தில் தீர்ந்தது. கல் நட்ட பிறகு ஒருவர் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆஸ்மண்ட் மெதுவாகச் சொன்னான். போன மாசம் ஒரு படகை ஒப்படைக்கக் குராசோ தீவுக்குப் போயிருந்தான். அங்கே துறைமுகத்து விடுதி ஒன்றில், கட்டில் ஓரத்தில் கிடந்த இவரைச் சர்ச் படத்தை வைத்து அடையாளம் கண்டான். முப்பது வருஷத்துக்கு முன் மூழ்கிய சரக்குக் கப்பலில் இவர் ஏறவே இல்லை. அந்த ஊரில் ஒருத்தியோடு தங்கிவிட்டார். அவளும் இப்போது இல்லை. வயிற்றில் கட்டி. ஆகஸ்ட் மாசப் படகுப் போட்டியைப் பார்க்க மாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

“மகளைத் தூரத்துலேர்ந்து ஒரு தடவை பார்த்தாப் போதும்னாரு. அதான் கூட்டிட்டு வந்தேன். காலையில அவ கடைக்கு இறங்கி வர்றப்ப இந்தச் சன்னல் வழியா பார்ப்பாரு.”

“நேரா போய்ப் பார்க்க வேண்டியதுதானே பெரியவரே?” என்றாள் வெரோனா.

கிழவர் வட்டச் சன்னலின் விளிம்பைத் தடவினார். “கடல்ல செத்த அப்பனுக்காக அழுதிருக்காம்மா அவ. ஓடிப் போன அப்பனுக்காக இல்ல. நான் போய் நின்னா அவ அழுத அழுகையெல்லாம் பொய்யாயிடாதா? செத்தவனாவாவது அவளுக்கு நல்லவனா இருந்துட்டுப் போறேன்.”

வெரோனாவின் கையில் இருந்த டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தாள்.

“ஆஸ்மண்ட், உன் பொண்டாட்டி துறையில பெட்டியோட நிக்கறா. தெரியுமா?”

“தெரியும்.”

“கப்பல் வந்துட்டிருக்கு. நான் போய் என்ன சொல்றது?”

“பொம்பளை இருக்கான்னே சொல்லிடுங்க அக்கா.”

கஸ்பர்ட் அதிர்ந்தான். “அண்ணே!”

“என்னை வெறுக்கட்டும். இவர் காலம் முடிஞ்சதும் டிரினிடாடுக்கு நீந்தியாவது போய் அவ கால்ல விழுந்துக்கறேன். என்னைத் திட்டித் தீர்த்துடலாம். இவரை அவ என்ன செய்ய முடியும்?”

“முடிஞ்சதும் எங்கடா புதைப்பே?” என்று கேட்டாள் வெரோனா.

“அதான் கல்லு ரெடியா…” என்று தொடங்கிய கஸ்பர்ட், நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். கிழவர் அவன் ஈரத் தலையில் கை வைத்தார்.

“தப்பில்லடா. நானும் அதைத்தான் நினைச்சிட்டிருந்தேன்.”

*

கப்பல் வந்து, சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தது. கோழிக் கூடைகள், சிமெண்ட் மூட்டைகள், ஒரு குளிர்பெட்டி. அவற்றுக்கு நடுவில் ஆல்தியா அதே இடத்தில் நின்றிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் வெரோனா மூன்று விதமான பொய்களைத் தயார் செய்து, மூன்றையும் கடலில் போட்டிருந்தாள். கடைசியில் வேறு ஒரு பதிலைத்தான் வைத்துக்கொண்டாள். அதில் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

“பொம்பளை யாரும் இல்ல ஆல்தியா. சத்தியமா.”

“ஆனா யாரோ இருக்காங்க.”

“கடல் வால்வுல…”

“அக்கா. என்னைப் பார்த்துச் சொல்லுங்க.”

வெரோனாவால் பார்க்க முடியவில்லை. எத்தனையோ கடத்தல்காரர்களைப் பார்வையாலேயே மடக்கியவள், கோழிக் கூடையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “ஆம்பளை. வயசானவர். உடம்புக்கு முடியாதவர். ஆஸ்மண்ட் பாவம் பார்த்து வெச்சிருக்கான். என்னை இதுக்கு மேல கேட்காதே.”

ஆல்தியா விடிவெள்ளி நின்ற பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்:

“இடது புருவத்துல தழும்பு இருக்கா?”

கஸ்பர்ட் வெரோனாவைப் பார்த்தான். வெரோனா ஆல்தியாவைப் பார்த்தாள்.

“குராசோவுல குடிச்சிட்டு விழுந்ததுல வந்த தழும்பு” என்றாள் ஆல்தியா. “நான் பார்த்ததில்ல. பார்த்தவங்க சொன்னாங்க.”

“உனக்கு…” வெரோனா ஓர் அடி கிட்டே வந்தாள். “அவர் உயிரோட இருக்கார்னு உனக்குத் தெரியுமா?”

“கல் நடறதுக்கு முன்னாடியே தெரியும்.”

கஸ்பர்ட் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

“அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க” என்றாள் ஆல்தியா. “கப்பல் மூழ்கின செய்தி வந்தப்பவே அவங்களுக்கு ஒரு சந்தேகம். அப்புறம் குராசோ போய் வந்தவர் ஒருத்தர் சொல்லிட்டாரு. அவரை விட்டா எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க அக்கா. ‘புருஷன் விட்டுட்டுப் போன பொம்பளையா என்னைப் புதைக்காதே. விதவையா புதை’ன்னாங்க. அதான் ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கல் நட்டேன். ஊரைக் கூட்டிச் சோறு போட்டேன். முன்னோரைக் கும்பிட்டு முரசடிச்சு, உயிரோட இருக்கறவரைச் செத்தவரா ஆக்கினேன். இப்ப அவர் கரையில கால் வெச்சா அம்மா விதவை இல்ல. நான் ஊரை ஏமாத்தினவ. அவருக்கு இது தெரியுமா?”

“தெரியாது. நீ நிஜமா அழுதேன்னு நினைச்சிட்டிருக்கார்.”

“நிஜமாத்தான் அழுதேன்.”

கப்பலின் ஊதல் ஒலித்தது. பயணிகள் வரிசையாக ஏறத் தொடங்கினார்கள். ஆல்தியா பெட்டியின் கைப்பிடியைப் பற்றினாள். அதைத் தூக்கவில்லை. விடவும் இல்லை.

“படகுல இருக்கறது ஒரு பொண்ணா இருந்திருந்தா முடியைப் பிடிச்சு இழுத்து வந்து இந்தத் துறையில ரெண்டு அறை விட்டிருப்பேன் அக்கா. மனசு ஆறிப்போயிருக்கும். இப்ப யார் மேல கோவப்படறது? அந்த மடையன் மேலயா? எனக்காகத்தான் ராத்திரியெல்லாம் முழிச்சு அவரைப் பார்த்துக்கறான். அவர் மேலயா? நான் ஏற்கெனவே அவரைக் கொன்னாச்சு.”

வழக்கு முடிந்துவிட்டது. கண்டுபிடிக்க வேண்டியதையெல்லாம் வெரோனா கண்டுபிடித்தாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு இந்தப் பெண்ணுக்கு என்ன செய்வது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்கும் அந்தத் தொட்டி நிரம்பும். நாளை மறுநாளும் ஆஸ்மண்ட் பாய் விரிப்பான். மலை மேலிருந்து யாராவது பார்ப்பார்கள். ஒருநாள் தொட்டி நிரம்புவது நின்றுபோகும்.

கப்பல் பலகையை இழுத்துக்கொண்டது. ஆல்தியா இல்லாமலேயே கிளம்பியது.

“கஸ்பர்ட், என்னைக் கூட்டிட்டுப் போ” என்றாள் அவள்.

அவன் ரப்பர் படகைக் கிட்டே இழுத்தான். மூன்று பேரும் ஏறினார்கள். பெட்டி துறையிலேயே கிடந்தது. விடிவெள்ளி நெருங்க நெருங்க ஆல்தியா ரப்பர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். படகின் பக்கவாட்டில் அடித்த வெள்ளைச் சாயம் தெளிவாகத் தெரிந்தது. சன்னல்கள் தெரிந்தன. முன்பக்கச் சன்னலில் ஒரு நிழல் பின்வாங்கியதும் தெரிந்தது.

“நிறுத்து” என்றாள்.

கஸ்பர்ட் மோட்டாரை அணைத்தான்.

“இன்னும் கொஞ்சம்தான்…” என்றாள் வெரோனா.

“முடியல அக்கா. போகவும் முடியல. திரும்பவும் முடியல. என்னன்னு கூப்பிடுவேன்? செத்தவங்களுக்குச் சோத்துத் தட்டு வெக்கிற ராத்திரியில வருஷா வருஷம் அவருக்கும் ஒண்ணு வெப்பேன். காலையில பார்த்தா வெச்சது அப்படியே இருக்கும். இருக்கும்னு தெரிஞ்சுதான் வெப்பேன்.”

அலை ரப்பர் படகை அசைத்தது. கஸ்பர்ட் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மோட்டார் சத்தம் திடீரென்று நிற்கவும் ஆஸ்மண்ட் மேல்தட்டுக்கு வந்தான். மனைவியைக் கண்டதும் அந்தப் பெரிய உடம்பு அப்படியே நின்றது. விளக்கம் சொல்ல வாயெடுத்தான். கைகளை மட்டும் விரித்தான்.

ஆல்தியா எழுந்து நிற்க முயன்று, தடுமாறி, வெரோனாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூடியிருந்த அந்தச் சன்னலைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளே இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டாள்:

“ஆஸ்மண்ட்! அவர் சாப்பிட்டாரா?”